ஆதி விடியலைத் தேடி

ஹைட்ரஜனைவிட எளிய அணு படைப்பில் இல்லை. ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான், அவ்வளவுதான். இரண்டின் சுழற்சியும் ஒரே திசையில் இருக்கும்போது எலெக்ட்ரான் எப்போதாவது தானாகவே எதிர்த்திசைக்குப் புரளும். அப்போது 21 சென்டிமீட்டர் நீளமுள்ள ரேடியோ அலை ஒன்று பிறக்கும். தனியே விடப்பட்ட ஓர் அணு இப்படிப் புரள சராசரியாக ஒரு கோடி ஆண்டுகளுக்கும் மேலாகும். ஆனால் வானில் ஹைட்ரஜனுக்குப் பஞ்சமில்லை என்பதால் அந்த அலை ஓய்வதே இல்லை. 1944-இல் வான் டி ஹுல்ஸ்ட் அதைக் கணக்கிட்டுச் சொன்னார். 1951-இல் ஹார்வர்டில் யூவெனும் பர்செல்லும் அதைப் பிடித்தார்கள்.

பிரபஞ்சத்தின் வயது 1,380 கோடி ஆண்டுகள். அதில் ஏறத்தாழ முதல் 20 கோடி ஆண்டுகளுக்குள் முதல் விண்மீன்கள் கண் விழித்தன. அவற்றின் ஒளி பட்ட ஹைட்ரஜன், அண்டமெங்கும் பரவியிருந்த பின்னணிக் கதிர்வீச்சில் இதே 21 சென்டிமீட்டர் அலையைச் சிறிதளவு உறிஞ்சிக்கொண்டது. அந்தத் தடயம் விரியும் அண்டத்தோடு தானும் நீண்டு, சுமார் 50 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் நம்மை வந்தடைய வேண்டும். நம்முடைய எஃப்.எம். நிலையங்கள் பாடுவதும் இந்த எல்லைக்குள்தான்.

எஃப்.எம். அலையைத் தவிர்க்கக் காட்டுக்குள் போனாலும் போதாது. விமானத்திலும் விண்கல் எரிந்த தடத்திலும் பட்டு அது திரும்பி வரும். மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் பாலைவெளியில் உள்ள தொலைநோக்கியில், நிலவில் பட்டுத் திரும்பிய எஃப்.எம். அலைகூடப் பதிவாகியிருக்கிறது. ஆகவே பதிவை நுண்ணிய அலைவரிசைகளாகவும் சிறுசிறு நேரத் துண்டுகளாகவும் பிரிக்கிறார்கள். அக்கம்பக்கத்தைவிடத் திடீரென்று எகிறும் துண்டுகளைக் குறித்து ஒதுக்கிவிடுகிறார்கள்.

பால்வீதியின் இரைச்சலை அப்படி ஒதுக்க முடியாது. காந்தப் புலங்களில் சுழன்று விரையும் எலெக்ட்ரான்கள் எழுப்பும் அந்த ரேடியோ இரைச்சல் எந்நேரமும் எல்லாத் திசையிலும் இருக்கிறது. அதன் வலிமையை வெப்பநிலையின் அலகில் சொன்னால் ஆயிரக்கணக்கான கெல்வின். தேடும் தடயமோ அதிகபட்சம் கெல்வினில் ஐந்தில் ஒரு பங்கு. இந்த விகிதத்தைப் பார்க்கும் எவருக்கும் நம்பிக்கை போய்விடும். படைத்தவனின் கருணை எனக்குத் தெரிவது இங்கேதான். மெகாஹெர்ட்ஸ் ஏற ஏற, அந்தப் பேரிரைச்சல் மேடு பள்ளமில்லாத ஒரே சீரான சரிவாக இறங்குகிறது. எண்ணற்ற எலெக்ட்ரான்களின் அலைகள் கலந்து வருவதால் எந்த ஒன்றின் தனித்தன்மையும் மேலெழுவதில்லை. முதல் விண்மீன்களின் தடயம் மட்டுமே அந்தச் சரிவில் குழி விழுந்ததுபோல் வளையும். சீரான கோட்டைக் கணித்துக் கழித்தால், மிஞ்சும் வளைவில் ஆதியின் செய்தி இருக்கும். மறைக்கின்ற ஒன்றை இவ்வளவு ஒழுங்காகப் படைத்ததால்தான் மறைந்திருப்பதைத் தேட முடிகிறது.

ஆனால் கருவியே வளைவை உண்டாக்கிவிடலாம். ஆண்டெனாவின் அடியில் மண்ணும் பாறையும் அடுக்கடுக்காக இருந்தால் ஒவ்வோர் அடுக்கும் அலையைத் திருப்பி அனுப்பிப் பொய்யான குழியைக் காட்டும். 2018-இல் மர்ச்சிசனில் இயங்கிய எட்ஜஸ் குழு, 78 மெகாஹெர்ட்ஸ் அருகே அரை கெல்வின் ஆழமுள்ள குழியைக் கண்டதாக அறிவித்தது. எதிர்பார்த்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் ஆழம்! இயற்பியலே மாற வேண்டுமோ என்று உலகம் யோசித்தது.

மண் அடுக்குகளின் இந்தத் தொல்லையைத் தவிர்க்க, பெங்களூரு ராமன் ஆய்வு நிலையத்தார் சரஸ் 3 என்ற தங்கள் கூம்பு ஆண்டெனாவை 2020-இல் ஒரு மிதவையில் ஏற்றி, கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியிலும் ஷராவதி ஆற்றின் நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டார்கள். நீருக்கு அடுக்குகள் கிடையாது. கீழே எங்கும் ஒரே தன்மை. ஏரி நீரைக் கருவியின் ஓர் அங்கமாகவே ஆக்கிக்கொண்ட அந்த யோசனையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். அந்த இரண்டு நீர்நிலைகளில் எடுத்த பதிவுகளில் எட்ஜஸ் சொன்ன குழி தென்படவில்லை. அது வானத்திலிருந்து வந்ததல்ல என்று 95.3 விழுக்காடு உறுதியோடு 2022-இல் அறிவித்தார்கள்.

உண்மையான தடயம் இன்னும் சிக்கவில்லை. அதே நிலையத்தார் அடுத்துத் திட்டமிடும் பிரதுஷ் கருவி நிலவைச் சுற்றிவரும். நிலவின் மறுபக்கத்தில் அது கடந்து செல்லும்போதெல்லாம் பூமியின் ரேடியோ அலைகள் எதுவும் அதை எட்டாது.