கறவை குறையும் முன்னே மாடு சொல்லும் சேதி

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்பதை நம்மில் பலர் பால் கேனைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறோம். "நேத்து எட்டு லிட்டர், இன்னைக்கு ஆறுதான் இறங்குச்சு" என்று சொல்லும்போது கோளாறு பெரும்பாலும் உள்ளே வேர்விட்டிருக்கும். வயிற்றுக் கோளாறோ சத்துக் கோளாறோ, அதற்கு முன்பே மாட்டின் வாய், இடது பக்க வயிறு, சாணம் மூன்றும் சேதி சொல்லிவிடும்.

வங்கியில் இருந்த காலத்தில் கறவை மாட்டுக் கடன் மனுக்கள் நிறைய பார்த்திருக்கிறேன். எத்தனை லிட்டர் கறக்கும் என்று கேட்க மனுவில் ஒரு கட்டம் உண்டு. ஒழுங்காக அசை போடுதா என்று கேட்க கட்டம் கிடையாது. மாடு படுத்துவிட்டாலும் தவணைத் தேதி நிற்காது. அதனால்தான் எங்கள் தொழுவத்தில் மாட்டுக்கு ஐந்து நிமிடம், காலையும் இரவும் ஒதுக்குகிறோம்.

பார்க்க வேண்டிய மூன்று இடங்கள்

அசை: நல்ல மாடு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். தீனி முடிந்து படுத்திருக்கும்போது பாருங்கள். ஒரு கவளம் மேலே வந்து திரும்ப விழுங்கும் வரை எத்தனை மெல்லு என்று எண்ணுங்கள். ஐம்பது, அறுபது வந்தால் நல்லது. நாற்பதுக்குக் கீழே போனால் நார்த்தீவனம் பற்றவில்லை என்று பொருள். அசையே நின்றுவிட்டால் அதுவே அபாய மணி.

இடது வயிறு: இடுப்பு எலும்புக்கும் கடைசி விலாவுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் முஷ்டியை அழுத்தி வையுங்கள். இரண்டு நிமிடத்தில் இரண்டு மூன்று முறை வயிறு புரண்டு கையைத் தள்ள வேண்டும். பள்ளம் ஆழமாகக் குழிந்திருந்தால் மாடு தின்னவில்லை. மத்தளம் போல் புடைத்திருந்தால் உப்புசம்.

சாணம்: வறட்டி தட்டும் பதத்தில், வட்டமாக விழ வேண்டும். கெட்டியாக, சளி போர்த்தியது போல் வந்தால் செரிமானம் மந்தம். தண்ணீராக, சாம்பல் நிறத்தில், புளித்த வாடையோடு வந்தால் வயிற்றில் அமிலம் கூடியிருக்கிறது. தார் போல் கறுப்பாக வந்தால் உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம்; காத்திருக்கக் கூடாது.

கன்று போட்ட நாளிலிருந்து கணக்கு

முதல் மூன்று நாள் பால் காய்ச்சலுக்கான காலம். பேர்தான் காய்ச்சல், உடம்பு சூடு உண்மையில் குறையும். மாட்டின் இயல்பான சூடு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். இந்த நோயில் காது சில்லென்று ஆகும், மூக்கு நுனி காயும், பின்னங்கால் தள்ளாடும். பிறகு படுத்து, கழுத்தை வளைத்துத் தலையை விலாப் பக்கம் வைத்துக்கொள்ளும். மூன்றாவது ஈத்துக்கு மேல், அதிகம் கறக்கும் கலப்பின மாடுகளுக்கு இது அதிகம்.

காரணம் ரத்தத்தில் கால்சியம் திடீரென இறங்குவது. எலும்பு வைப்புத் தொகை என்றால் ரத்தத்தில் இருப்பது கைப்பணம். சீம்பால் சுரக்கும்போது கைப்பணம் கரைகிறது, வைப்பிலிருந்து எடுக்க நாளாகிறது. சினையின் கடைசி வாரங்களில் கால்சியம் டானிக்கை அளவில்லாமல் ஊற்றினால், எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கமே உடம்புக்கு மந்தமாகிவிடும். படுத்த மாட்டுக்கு வாய்வழியாக எதையும் ஊற்றாதீர்கள். விழுங்கும் சக்தி குறைந்திருப்பதால் நுரையீரலுக்குள் போய்விடும். நரம்பில் கால்சியம் ஏற்றுவது மருத்துவர் வேலை. வேகமாக ஏறினால் இதயம் நின்றுபோகலாம்.

இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை கீட்டோசிஸ். கறவை உச்சத்துக்கு ஏறும், தின்னும் தீனி அதற்கு ஈடு கொடுக்காது. மாடு தன் கொழுப்பைக் கரைத்துப் பால் கொடுக்கும். முதல் அடையாளம்: புண்ணாக்கையும் தவிட்டையும் ஒதுக்கிவிட்டு வைக்கோலை மட்டும் தின்னும். உடம்பு மளமளவென்று வற்றும். மூச்சிலும் பாலிலும் இனிப்பான ஒரு வாடை வரும், நகச்சாயம் கழுவும் திரவம் போல. மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். வெல்லம் கரைத்து ஊற்றினால் சரியாகும் என்பார்கள். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்களே அதைத் தின்றுவிடும், ரத்தத்துக்குச் சர்க்கரையாகப் போய்ச் சேராது. சினையில் மாடு கொழுத்துவிடாமல் பார்ப்பதுதான் இதற்கு முன்காப்பு.

நம் கையால் வருவது

பொங்கல், கல்யாணம், கோயில் விருந்து முடிந்ததும் மிஞ்சிய சோற்றை அன்போடு மாட்டுக்கு வைக்கிறோம். சோறும் மாவும் வயிற்றில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அசை நிற்கும், கண் குழி விழும், நடை தள்ளாடும். ஒரு பெரிய அண்டா சோறு ஒரு மாட்டின் உயிரையே எடுத்துவிடும். புதிய அடர்தீவனத்தையும் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

உப்புசம் பெரும்பாலும் பனி ஈரத்தோடு இளம் பயறுவகைத் தீவனத்தை வெறும் வயிற்றில் மேய்வதால் வருகிறது. முதலில் வைக்கோல் கொடுத்து, பனி காய்ந்தபின் அவிழ்த்து விடுங்கள். லேசான உப்புசத்துக்கு வெங்காயம், பூண்டு, இஞ்சி, மிளகு, சீரகம், வெற்றிலை, வெல்லம் அரைத்து உப்பு தொட்டு நாக்கில் தடவும் மரபு வைத்தியம் கைகொடுக்கும். மூச்சுத் திணறி நாக்கு வெளியே வந்தால் அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்திவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.

நாட்டு மாடுகளுக்குக் கறவைச் சுமை குறைவு என்பதால் பால் காய்ச்சலும் கீட்டோசிஸும் குறைவு. ஆனால் சோறும் பனி ஈரத் தீவனமும் எந்த மாட்டையும் விடாது.

தொழுவத்தில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். கன்று போட்ட தேதி, அசை, வயிறு, சாணம், சூடு, பால் என்று ஆறு கட்டம் போதும். கன்று போட்ட முதல் ஆறு வாரம் ஒரு நாளும் விடாமல் எழுதுங்கள். 1962 எண்ணுக்கு அழைத்தால் "எப்போதிலிருந்து?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பதில் நோட்டில் இருந்தால் பாதி வைத்தியம் அங்கேயே முடிந்தது.