பன்னிரண்டாம் வரியில் ஒன்றுமே இல்லையே!

சி மொழியை இப்போதுதான் கற்கத் தொடங்கிய மாணவரிடம் ‘12-ஆம் வரியில் பிழை’ என்கிறது கம்பைலர். அவரும் அந்த வரியை எழுத்தெழுத்தாகத் துழாவுகிறார். ஒன்றும் அகப்படாது. விட்டுப்போனது 11-ஆம் வரியின் கடைசியில் இருக்க வேண்டிய செமிகோலன்.

சி மொழியில் வரி முடிவதும் வெறும் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றுதான். செமிகோலன் வராதவரை வாக்கியம் தொடர்கிறது என்றே கம்பைலர் நினைத்துக்கொள்ளும். அடுத்த வரியின் முதல் சொல்லைப் பார்த்த பிறகே ‘இது இங்கே வரக்கூடாதே’ என்று அதற்கு உறைக்கும். உறைத்த இடத்தின் எண்ணைத்தான் அது அச்சிடுகிறது. ஆகவே சொன்ன வரியில் குறை தெரியாவிட்டால் மேல்நோக்கித் தேட வேண்டும். நெளிவு அடைப்புக்குறி ஒன்றை மூட மறந்தால் கதை இன்னும் நீளம்: நிரலின் கடைசி வரி வரை போய்த்தான் கம்பைலர் முறையிடும். கிளாங் போன்ற இன்றைய கம்பைலர்கள் செமிகோலன் விஷயத்தில் முந்தைய வரியின் முடிவையே சுட்டிக்காட்டுமளவுக்குத் தேறியிருக்கின்றன.

சரி, விட்டது ஒரே ஒரு குறி. திரையில் ஏன் இருபது பிழைகள்?

இதற்கு விடை துளையட்டைக் காலத்தில் இருக்கிறது. 1960-களில் நிரலை அட்டைகளில் துளையிட்டுக் கணினி மையத்தில் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில், சில இடங்களில் மறுநாள் வரை, காத்திருக்க வேண்டும். முதல் பிழையோடு கம்பைலர் நின்றுவிட்டால் அத்தனை காத்திருப்பும் வீண். அதனால் பிழை கண்டதும் அடுத்த செமிகோலன் வரையோ அடைப்புக்குறி வரையோ தாண்டிக் குதித்து, அங்கிருந்து மீண்டும் படிக்கும்படி கம்பைலர்களை வடிவமைத்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகம் மாணவர்களுக்காக உருவாக்கிய பிஎல்/சி கம்பைலர் ஒருபடி மேலே போய், பிழையைத் தானே ஊகித்துத் திருத்திக்கொண்டு ஓடப் பார்க்கும். குதித்த இடம் தப்பாகிவிட்டால், நல்ல வரிகளும் குற்றவாளிக் கூண்டில் ஏறும். பட்டியல் நீள்வது இப்படித்தான்.

1983-இல் வந்த டர்போ பாஸ்கல் இந்தப் பழக்கத்தை உதறியது. அதன் கம்பைல் வேகம் அபாரம்; முதல் பிழையிலேயே நின்று, எடிட்டரில் அந்த இடத்துக்கே கர்சரைக் கொண்டுபோய் வைத்துவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதுவே சரியான வழி என்பேன். இன்றைய கணினியில் மறுபடி கம்பைல் செய்ய நொடிகள் போதும். எனவே முதல் பிழையை மட்டும் படித்துத் திருத்துங்கள், உடனே கம்பைல் செய்யுங்கள். மீதியில் பல தாமாகவே மறைந்துவிடும். முதல் பிழையோடு நின்றுவிடு என்று ஜிசிசி கம்பைலருக்குச் சொல்ல ஒரு ஆப்ஷனே உண்டு.

புகார் யாரிடமிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். லினக்ஸில் வர்க்கமூலம் காணும் ஃபங்ஷனை அழைக்கிறீர்கள். உரிய ஹெடர் ஃபைலைச் சேர்த்தாயிற்று, எழுத்துப்பிழையும் இல்லை. ஆனாலும் ‘அப்படியொன்று எங்கும் வரையறுக்கப்படவில்லை’ என்று செய்தி வருகிறது. இதைச் சொல்வது கம்பைலர் அல்ல, துண்டுகளை ஒட்டும் லிங்கர். கணித லைப்ரரியைச் சேர்க்கும்படி கட்டளையில் நீங்கள் குறிப்பிடவில்லை. நிரலின் வரிகளில் பிழையைத் தேடிப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், மாறியைக் கொடுக்காமல் 2.0 என்று எண்ணையே நேரடியாகக் கொடுத்தால் ஜிசிசி விடையைத் தானே கணக்கிட்டு எழுதிவிடுவதால் லைப்ரரி தேவைப்படாது. நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் சங்கதி இது.

இலக்கணம் சரியாக இருப்பதால் கம்பைலர் நிற்காமலே கடந்துபோகும் பிழைகளும் உண்டு. நிபந்தனைக்குள் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றைச் சமக்குறி போட்டால், ஒப்பிட வேண்டியது மதிப்பை மாற்றிவிடும். சி-யில் அதுவும் முறையான வாக்கியமே. வார்னிங்குகளை இயக்கியிருந்தால் ஜிசிசி எச்சரிக்கும். சுற்றிலும் கூடுதலாக ஓர் அடைப்புக்குறி போட்டால், தெரிந்தே செய்திருக்கிறார் என்று அதையும் விட்டுவிடும். 2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னல் நிரலின் ஒரு நகலில் யாரோ இரண்டே வரிகளைச் செருகினார்கள். பயனர் எண் பூஜ்யமா என்று சோதிப்பதுபோல் தோன்றும் அந்த நிபந்தனை, உண்மையில் பயனருக்குப் பூஜ்யத்தையே, அதாவது ரூட் அதிகாரத்தையே, கொடுத்துவிடும். ஒற்றைச் சமக்குறி; சுற்றிலும் அடைப்புக்குறி. மூலக் களஞ்சியத்தில் அந்த மாற்றத்துக்கான பதிவு இல்லாததால்தான் குட்டு வெளிப்பட்டது.