வழக்கறிஞர் யார் பக்கம்?

சென்ற மாதம் ஒரு மாலை, எங்கள் தோட்டத்தில் முன்பு பால்மரம் வெட்டிய ஓர் அம்மாள் என் வீட்டுக்கு வந்தார். தோட்டம் கைமாறியபோது சேமநிதிப் பணத்தைப் போட்டுப் பட்டணத்தில் மலிவு விலை அடுக்குமாடி வீடு வாங்கிப் போனவர். கையில் ஒரு வழக்கறிஞர் கடிதம். பராமரிப்புக் கட்டணம் 8 மாதம் பாக்கியாம். 14 நாளில் கட்டாவிட்டால் நடவடிக்கை. கடிதச் செலவு 150 வெள்ளி வேறு.

"மாசா மாசம் கட்டுறேன் வாத்தியாரே, ரசீது இருக்கு. அந்த லோயருக்கு நம்ம காசுலதானே சம்பளம்? நமக்கே நோட்டீஸ் விடுறாரே!"

நியாயமான கேள்விதான். நம்மில் பலர் இன்று அடுக்குமாடியில் குடியிருப்பதால் இதைச் சற்று விளக்குவது நல்லது.

தோட்டக் கோயிலை எண்ணிப் பாருங்கள். கோயில் நிலத்துக்காக லோயர் வைத்தால் அவர் கோயிலுக்கு லோயர். தலைவருக்கும் அல்ல, சந்தா கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவும் அல்ல. தலைவர் தம் பங்காளிச் சண்டைக்கு அவரை அனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா?

அடுக்குமாடியிலும் அதே கணக்குத்தான். 2013-ஆம் ஆண்டின் ஸ்த்ராத்தா நிர்வாகச் சட்டம் (சட்டம் 757) 2015 ஜூனில் அமலுக்கு வந்தது. அதன்படி வீட்டுரிமையாளர் எல்லாரும் சேர்ந்ததே 'பெர்பாடானான் பெங்குருசான்' என்னும் மேலாண்மைக் கழகம். சட்டத்தின் கண்ணில் அது தனி ஆள். வழக்கும் போடலாம், அதன்மேல் வழக்கும் வரலாம். 3 முதல் 14 பேர் வரை கொண்ட செயற்குழு அதன் வேலையைப் பார்க்கிறது. லோயருக்குக் கட்சிக்காரர் அந்தக் கழகமே. செயற்குழு அதன் வாயாக இருந்து பேசுகிறது, வாயே உடம்பாகிவிடாது.

ஆகவே பாக்கியை வசூலிக்க அவர் கடிதம் எழுதுவது தவறல்ல. பலர் கட்டாமல் விடுவதால்தானே மின்தூக்கி மாதக்கணக்கில் பழுதாய்க் கிடக்கிறது, கிழவர்கள் மூச்சு வாங்கப் படியேறுகிறார்கள்! ஆனால் கணக்குக் கேட்டவர் வாயை அடைக்கவோ, தலைவரின் சொந்த மானநட்ட வழக்குக்கோ பொதுப்பணத்தில் அவரை ஏவினால், "இது கழகத்தின் வேலை அல்ல, உங்கள் பணத்தில் வேறு ஆளைப் பாருங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர் அவரே. அப்படிச் சொல்லாத லோயர், கூலி கொடுத்தவரை விட்டுக் கூப்பிட்டவருக்கு உழைக்கிறார்.

அம்மாளிடம் ஒன்று எச்சரித்தேன். அந்த லோயரிடம் உங்கள் வீட்டுக் கதையைக் கொட்டாதீர்கள். அவர் உங்கள் ஆள் அல்ல. ரசீதுகளின் நகலை மட்டும் எழுத்து மூலம் அனுப்புங்கள். தீராவிட்டால் ஸ்த்ராத்தா நிர்வாக நடுவர் மன்றம் இருக்கிறது. 2,50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். சிக்கலான சட்டக் கேள்வி இருந்தாலன்றி இரு தரப்பிலும் லோயர் பேச முடியாது. நம் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

ரசீதுகளைப் பிரித்துப் பார்த்தோம். எட்டும் இருந்தன. வீட்டு எண் 3-12 என்பதை அலுவலகத்தில் 3-21 என்று பதிந்திருக்கிறார்கள். இதைச் சின்னத் தவறு என்று விடவும் முடியாது. பாக்கிக்காரருக்குப் பொதுக்கூட்டத்தில் பொதுவாக வாக்கு கிடையாது. இரண்டு வாரத்தில் ஆண்டுக்கூட்டம்!

அம்மாள் கடித நகலையும் ரசீதுகளையும் பையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "அந்த 150 வெள்ளியை யார் கட்டணும்? இந்த நோட்டீஸை விடச் சொன்னது யாரு, எந்தக் கூட்டத்துல முடிவு பண்ணாங்க? இதைக் கூட்டத்துல கேட்கணும். மலாய்ல எழுதிக் குடுங்க வாத்தியாரே."

பள்ளிக் காகிதத்தில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தேன்.