நடைபிணமும் தப்பெண்ணமும்: ‘பேத்தால்’ தொடரை வடசென்னையிலிருந்து நோக்குதல்

முன்னுரை

‘ஜாம்பி’ எனப்படும் நடைபிணம், ஒரு மக்கள் தொகுதியைப் பிறர் அஞ்சி ஒதுக்குவதைக் காட்டும் உருவகமாகவும் பயன்பட்டு வருகின்றது. 2020 மே மாதம் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வெளிவந்த ‘பேத்தால்’ என்னும் நான்கு பகுதி இந்தித் தொடர், இவ்வுருவகத்தைப் பழங்குடியினரின் இடப்பெயர்வோடு இணைத்தது. அம்முயற்சி ஏன் நிறைவளிக்கவில்லை என்பதை இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் உள்ளிட்ட வடசென்னையின் பட்டறிவோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகின்றது.

உருவகத்தின் வேர்

நடைபிண நம்பிக்கை ஹெய்ட்டி நாட்டின் தோட்ட அடிமைமுறையோடு தொடர்புடையது. இறந்த பின்னும் பிறருக்காக உழைக்க நேரும் என்பதே அவ்வச்சம். ஜார்ஜ் ரொமேரோ 1968இல் இயக்கிய திரைப்படத்தில், நடைபிணங்களிடமிருந்து தப்பிய கறுப்பின நாயகனை ஆயுதமேந்திய மனிதர்களே சுட்டுக்கொல்கின்றனர். அங்கு நடைபிணத்தைவிடக் கொடியது மனிதரின் பார்வையே.

தொடரின் குறை

நெடுஞ்சாலைச் சுரங்கப்பாதைக்காக ஊரைவிட்டு வெளியேற மறுக்கும் பழங்குடியினர்மீது நக்சலைட்டுகள் என முத்திரை குத்தப்படுகின்றது, காவற்படை ஏவப்படுகின்றது. இத்தொடக்கம் வலிமையானது. ஆயின், சுரங்கத்திலிருந்து கிழக்கிந்திய நிறுவனக் காலத்து ஆங்கிலேயப் படைவீரர் பிணங்களாய் எழுந்ததும், கதை காவற்படையினரின் உயிர்ப்போராட்டமாகச் சுருங்குகின்றது. ஊர்மக்கள் பின்னணியாகின்றனர், அவர்களுள் முன்னிற்கும் புனியா என்னும் பெண்ணும் பெரும்பாலும் பேயை விலக்கும் வழி அறிந்தவளாகவே பயன்படுகின்றாள். பழி அயலாரின் பிணத்தின்மேல் ஏற்றப்படுவதால், முத்திரை குத்திய இன்றைய அதிகாரம் மையக் கேள்வியாக நிலைபெறவில்லை.

வடசென்னைச் சான்று

வடசென்னையை அடிதடியின் களமாகவே தமிழ்த் திரைப்படங்கள் பல காட்டின. பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ (2014) அங்கு வாழ்வோரைப் பெயரும் தொழிலும் அரசியலும் உடையவர்களாகக் காட்டி, ஒரு சுவரின்வழி அதிகாரத்தை விசாரித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. அம்மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிய, மீனவ மக்கள் மூச்சுத்திணறி மருத்துவமனை சென்றனர். இத்தீங்குகளுக்கு வேதாளம் தேவைப்படவில்லை. ‘கெட்ட இடம்’ எனப் பெயர்பெற்ற பகுதியில் நேரும் கேடு, பிறர்க்கு இயல்பானதாகத் தோன்றுவதே தப்பெண்ணத்தின் செயற்பாடு.

முடிவுரை

ஒதுக்கப்பட்டோரைக் கதைமாந்தராக்கி, ஒதுக்கியோரை விசாரிக்கும்போதுதான் நடைபிண உருவகம் பொருள்பெறும். ‘பேத்தால்’ முதலாவதைத் தொடங்கிவிட்டுக் கைவிட்டது. இரண்டாவதைப் பிணங்களின் பின்னே மறைத்தது. அத்தொடர் தரும் ஏமாற்றத்தின் காரணம் இதுவே.