தந்தை பெயரில் ஏரி வெட்டிய மகன்

சேத்தியாத்தோப்பில் இருந்து காட்டுமன்னார்கோவிலுக்கு பஸ்சில் போகிறவர்கள் ஜன்னல் ஓரத்துக்குப் போட்டி போடுவார்கள். வழியெல்லாம் ஒரே தண்ணீர்! கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்!

அதுதான் வீராணம் ஏரி. கடலூர் மாவட்டத்தின் பெரிய ஏரி. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பகுதி வயல்களுக்கு உயிர் கொடுப்பது இதுதான். சுமார் 45 ஆயிரம் ஏக்கர் நிலம் இதை நம்பி இருக்கிறது. விரால், கெளுத்தி பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கும், நீர்ப்பறவைகளுக்கும் இதுவே சோறு போடுகிறது.

இந்த ஏரியை வெட்டியது யார்?

ராஜாதித்தன் என்ற சோழ இளவரசன். பராந்தக சோழனின் மூத்த மகன். தில்லை அம்பலத்துக்குப் பொன் வேய்ந்தானே, அதே பராந்தகன்தான்.

சும்மா இருந்த படை

வடக்கே இருந்து ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் படை எடுத்து வரும் ஆபத்து இருந்தது. அதைத் தடுக்க, ராஜாதித்தன் திருமுனைப்பாடி நாட்டில் பெரும் படையோடு தங்கினான். திருநாவலூருக்கு அப்போது ராஜாதித்தபுரம் என்றே பெயர்.

படை வந்தது; பகைவன் வரவில்லை. ஆண்டுகள் ஓடின. வேலை இல்லாத வீரர்கள் என்ன செய்வார்கள்? மற்போர், சேவல் சண்டை, சூதாட்டம் என்று பொழுதைப் போக்கலாம். ராஜாதித்தன் அவர்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கொள்ளிடத்து வெள்ளம் வீணாகக் கடலுக்குப் போகிறதே, அதைத் தேக்கினால் என்ன என்று நினைத்தானாம்.

ஏரி உருவாயிற்று. அதற்குத் தன் பெயரை அவன் வைக்கவில்லை. தந்தையின் பட்டப் பெயரான 'வீரநாராயணன்' என்பதை வைத்தான். வீரநாராயணன் ஏரி என்பதே மக்கள் வாயில் வீராணம் ஆகிவிட்டது. காட்டுமன்னார்கோவில் பெருமாளுக்கும் வீரநாராயணர் என்றுதான் பெயர்.

1950-ல் கல்கி எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' கதையில், வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கு அன்று குதிரையில் வருவது இந்தக் கரையில்தான். கதையைப் படித்தவர்களுக்கு வந்தியத்தேவனைத் தெரியும். ஏரி வெட்டியவனைக் கேட்டால் பலர் விழிக்கிறார்கள்!

யானை மேல் மரணம்

949-ம் ஆண்டு. அரக்கோணம் அருகே தக்கோலத்தில் போர் மூண்டது. ராஜாதித்தன் யானை மீது அமர்ந்து போரிட்டான். கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன் அவனைக் கொன்றான். யானை மேலேயே உயிர் பிரிந்தது. 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்று பிற்காலத்தவர் அவனைக் குறிப்பிட்டார்கள்.

முதிய தந்தை உயிரோடு இருந்தார். பட்டத்துக்கு வரவேண்டிய மூத்த பிள்ளை போய்விட்டான். தம்பி கண்டராதித்தன் பட்டம் ஏற்றான். இன்னொரு தம்பி அரிஞ்சயனின் பேரன்தான் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜன்.

அழுத நண்பன்

ராஜாதித்தனுக்கு ஓர் உயிர் நண்பன் இருந்தான். கேரளத்துக்காரன், அவன் படையில் இருந்தவன். தக்கோலத்தில் தலைவன் இறந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. 'அவரோடு சாக முடியவில்லையே' என்ற வருத்தம் அவனை வாட்டியது. பதவியை விட்டான். கங்கைக்குப் போய் நீராடினான். திரும்பி வந்து துறவி ஆனான். சதுரானன பண்டிதர் என்று பெயர் பெற்று, திருவொற்றியூரில் மடத்தின் தலைவராக வாழ்ந்தான். இதை அந்த ஊர்க் கோவில் கல்வெட்டே சொல்கிறது.

திருவொற்றியூர் இன்று சென்னை மாநகரின் ஒரு பகுதி. அந்தச் சென்னைக்கு 2004 முதல், 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியாக, வீராணம் தண்ணீர் குடிக்கப் போகிறது.