கிட்டாருக்குத் "தொண்டை ஆபரேஷன்"! வாலிபரின் கைவேலை!!

மின்சார கிட்டாரின் தந்திக்கு அடியில் "பிக்கப்" என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். உள்ளே காந்தம். அதைச் சுற்றி மயிரிழை மாதிரி தாமிரக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று! கிட்டாருக்குத் தொண்டையே அதுதான்.

அந்தத் தொண்டையையே மாற்றிய கில்லாடி, அமெரிக்க வாலிபர் செய்மூர் டங்கன். 1970-களில் லண்டனில் கிட்டார் ரிப்பேர் செய்தவர்.

ஒரு பழைய டெலிகாஸ்டர் கிட்டார் அவர் கைக்கு வந்தது. கம்பெனி வைக்கும் பிக்கப்பில் "ம்ம்ம்" என்று இரைச்சல் கேட்கும்.

என்ன செய்தார்?

பழுதாகிக் கிடந்த 2 கிப்சன் பிக்கப்புகளை எடுத்தார். புதுக் கம்பியைத் தானே சுற்றிப் பொருத்தினார். இதில் இரட்டைச் சுருள். ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அமுக்கிவிடும்!

கிட்டாரைப் பிரபல கலைஞர் ஜெப் பெக்கிடம் கொடுத்தார். அசந்துபோன பெக், தன் பழைய கிட்டாரையே தூக்கிக் கொடுத்துவிட்டார்! 1975-ல் "புளோ பை புளோ" இசைத்தட்டில் புதுத் தொண்டை பாடியது.

1976-ல் டங்கன் கலிபோர்னியாவில் பிக்கப் கம்பெனி தொடங்கினார். 2023-ல் பெக் காலமானார். 2025 ஜனவரியில் அந்தக் கிட்டார் லண்டனில் ஏலம் போனது. விலை? கோடி ரூபாய்க்கு மேல்!

குப்பைக்குப் போகவேண்டிய பிக்கப்புக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!