சாந்து விடுத்த செங்கல்

நெல்லித்தோப்பிலிருந்து கிழக்கே சென்று, பழைய நகரைச் சூழ்ந்த வளைசாலையைக் கடந்தால், மிஷன் வீதியில் அமலோற்பவ அன்னை பேராலயம் நிற்கிறது. புதுவையார்க்கு அது சம்பா கோயில். அங்கு எழுந்த நான்காவது கட்டடம் அது. பதினான்காம் லூயி மன்னனின் பொருளுதவியால் 1692-இல் எழுந்த முதற்கோயிலை மறு ஆண்டே டச்சுக்காரர் அழித்தனர். இரண்டாவது நெடுநாள் நிலைக்கவில்லை. ஏசு சபையார் 1728-இல் தொடங்கி 1736-இல் முடித்த மூன்றாவதே பெரியது. 

பாறை அரிதான இக்கடற்கரையில் கட்டடம் என்றால் செங்கல்லும் சுண்ணச்சாந்தும்தான். கிளிஞ்சலை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால், அதிலுள்ள கரியமில வளி வெளியேறும். எஞ்சும் சுட்ட சுண்ணாம்பின்மேல் நீர் பட்டதும் அது கொதித்துப் பூத்து நீறாகும். மணலோடு குழைத்துச் சுவரில் வைத்தபின், இழந்த அதே வளியைக் காற்றிலிருந்து மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கல்லாகும். தடித்த சுவரின் உட்பகுதி இறுகப் பல்லாண்டுகள் ஆகலாம். இறுகிய பின்னும் சாந்து செங்கல்லைவிட மெலிந்ததே. நிலம் சற்று அசைந்தால் சாந்து நெகிழும், செங்கல் பிளவாது. கட்டுபவனுக்கு இது நலம். கடப்பாரை ஏந்தியவனுக்கும் நலமே: செங்கல் முழுதாகக் கழன்று வந்து, இன்னொரு சுவருக்குப் போகும்.

கல்லால் கட்டிய கோயிலின் கதை வேறு. செருமனியின் டிரெஸ்டன் நகரில் 1726-இல் தொடங்கிய பரோக் பாணி அன்னை ஆலயம், 1945-இல் குண்டுவீச்சின் தீயால் சரிந்தது. அதன் மணற்பாறைக் குவியல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அங்கேயே கிடந்தது. பழைய கற்கள் பலவற்றைச் சேர்த்தே 2005-இல் மீண்டும் எழுப்பி முடித்தனர். செங்கற்கோயிலுக்கு அவ்வாய்ப்பு அரிது.

1761 சனவரியில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரின் கடலூர்த் தேவனாம்பட்டினக் கோட்டையைத் தகர்த்ததற்குப் பழியாக, சென்னை ஆளுநர் பிகட் நகரையே இடிக்கச் செய்தார். கோயிலும் தப்பவில்லை. சரணடைந்த ஊரின் வழிபாட்டிடத்தை இடிப்பதில் போர்த்தேவை ஏது? வஞ்சமே மிச்சம். ஆயினும் 1748 முற்றுகையின்போது அருகிருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்ததையும் இங்கே சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அதை நெடுங்காலமாக வேண்டி நின்றவர்கள் ஏசு சபையார்.

1769-இல் வெள்ளி கதிரவனைக் கடப்பதைக் காண வந்த லெ ழாந்தி என்னும் வானியலர், இடிந்த கோட்டையின் மிச்சத்தின்மேல்தான் தம் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அன்று காலை முகில் மறைத்தது வேறு கதை. அடுத்த ஆண்டே பழைய கோயில் மனையில் இன்றைய கட்டடத்தின் பணி தொடங்கியது. அது திருநிலைப்படுத்தப்பட்ட நாள் 1791 சூன் 20.